கூடிப் பாடக் கற்கும் குழந்தைகள்

(மும்பை தாராவியில் உள்ள ஒரு மக்கள் அரங்கில், ஆறு முதல் பத்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கான குழு இசை வகுப்பின் தொடக்க நாளன்று ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நான் இசைக் கலைஞன் அல்லன். கட்சி ஏடுகளுக்கு மொழிபெயர்ப்புச் செய்பவன். தமிழ் இலக்கியம் படித்தவன். இந்த வகுப்பைத் தொடங்குவது குறித்து நடந்த கூட்டங்களில் இரண்டு ஐயங்கள் திரும்பத் திரும்ப எழுந்தன. அவற்றுக்கு விடை கூறும் பொறுப்பை அரங்கத் தோழர்கள் என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்.

முதல் ஐயம் பெற்றோர்களுடையது. முப்பது குழந்தைகளை ஒன்றாக உட்கார வைத்துப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தால் யாருக்கு என்ன வந்துவிடப் போகிறது? வசதி படைத்தவர்கள் தம் பிள்ளைகளுக்குத் தனி ஆசிரியரை வீட்டுக்கே வரவழைக்கிறார்கள். வசதி இல்லாதவர்களுக்குக் கூட்டத்தில் ஓர் இடம். இதுவும் ரேஷன் அரிசி போன்றதுதானே என்று ஒரு தாய் கேட்டார். கூர்மையான கேள்வி. இரண்டாவது ஐயம் நம் தோழர்களுடையது. வீடு நிலைக்குமா என்று தெரியாத நேரத்தில், வேலை போய்க்கொண்டிருக்கும் நேரத்தில், ஸரிகமபதநி எதற்கு? போராட்டப் பாடல்கள் நான்கைக் கற்றுக்கொடுத்தால் போதாதா?

முதல் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்கு விடை தேட நான் போகும் இடம் சிலப்பதிகாரம். தமிழ் படித்தவனை மேடையேற்றினால் அங்கேதான் போவான் என்று நீங்கள் சிரிக்கலாம். ஆயினும் இசை கற்றலின் இரண்டு முறைகளை, ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு முறைகளை, ஒரே நூலுக்குள் இளங்கோ வைத்திருக்கிறார்.

ஒன்று அரங்கேற்று காதை. மாதவி ஐந்து வயதில் பயிலத் தொடங்குகிறாள். ஆடல் ஆசான், இசை ஆசான், தண்ணுமை ஆசான், குழல் ஆசான், யாழ் ஆசான் என்று அவளைச் சுற்றி ஒரு பெரும் ஆசிரியர் அவையே நிற்கிறது. ஒவ்வோர் ஆசிரியருக்கும் இருக்கவேண்டிய புலமையைக் காப்பியம் விரித்துக் கூறுகிறது. ஏழாண்டுப் பயிற்சி. பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் முன்னிலையில் அரங்கேற்றம். மன்னன் பச்சை மாலையும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் அளிக்கிறான். அதன்பின் அந்த மாலை கடைத்தெருவில் விலைக்கு வருகிறது. அதை வாங்குபவன் மாதவியை அடைவான். இத்தனை கல்வியும் இறுதியில் சந்தையில் வந்து நிற்பதை இளங்கோ மறைக்கவில்லை.

மற்றொன்று ஆய்ச்சியர் குரவை. மதுரையின் புறஞ்சேரி. இடைக்குலத்து மாதரி, தயிர் கடையப் போகும் காலையில் தீய குறிகளைக் காண்கிறாள். குடத்தில் பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, எருதின் கண்களில் நீர் வழிகிறது. அச்சம் கொண்ட சேரியைத் தேற்ற அவள் குரவைக் கூத்துக்கு ஏற்பாடு செய்கிறாள். மன்னனும் இல்லை, பொன்னும் இல்லை. ஏழு சிறுமியரை வட்டமாக நிறுத்தி, ஒவ்வொருத்திக்கும் ஒரு சுரத்தின் பெயரைச் சூட்டுகிறாள்: குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். இன்று நாம் ஸ, ரி, க, ம, ப, த, நி என்று சொல்லும் ஏழின் பழந்தமிழ்ப் பெயர்கள் இவை. சிறுமியர் கைகோத்து ஆடிப் பாடுகிறார்கள்.

தோழர்களே, இதைச் சற்றே நினைத்துப் பாருங்கள். மாதவி ஏழு சுரங்களையும் தனக்குள் தேக்கிக்கொண்டவள். மாதரியின் சிறுமியரில் எவளும் தனியாக ஒரு பண் ஆக முடியாது. ஒருத்தி குரல் என்றால், இளியாக நிற்பவள் இருந்தால்தான் இவளுக்குப் பொருள். பக்கத்தில் நிற்பவளைக் கேட்காமல் தன் இடத்தை இவள் அறியவே முடியாது. அங்கே இசை அறிவு ஒருவருடைய உடைமையாக இல்லை. வட்டத்தின் உடைமையாக இருக்கிறது. ஆகவே குழு வகுப்பு என்பது தனி வகுப்புக்குக் கொடுக்க முடியாதவர்களுக்கான மலிவுப் பதிப்பு அன்று. அது வேறொரு கல்வி. தனி ஆசிரியர் எவ்வளவு சிறந்தவராயினும் கற்பிக்க இயலாத ஒன்றை, அதாவது பாடிக்கொண்டிருக்கும்போதே மற்றவரைக் கேட்கும் பழக்கத்தை, அது கற்பிக்கிறது.

இந்த அரங்கில் வகுப்பெடுக்க முன்வந்துள்ள ஆசிரியைக்கு ஆய்ச்சியர் குரவையை ஒரு விளையாட்டாகவே செய்து பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். ஏழு பிள்ளைகள் வட்டமாக நிற்கட்டும். ஆளுக்கொரு சுரம். எட்டாவது பிள்ளை நடுவில் நின்று ஒவ்வொருவராகக் கை காட்டட்டும். யாரை நோக்கிக் கை நீள்கிறதோ அவர் தம் சுரத்தைப் பாடவேண்டும். அரைமணி நேரத்தில் பிள்ளைகளே மெட்டுக் கட்டத் தொடங்கிவிடுவார்கள்.

வகுப்பறைக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். ஏனெனில் பெற்றோர்களின் கவலை தத்துவத்தைப் பற்றியது அன்று. தம் பிள்ளைக்குப் பாட வருமா என்பதைப் பற்றியது.

பல பள்ளிகளில் ஒரு கொடுமை வழக்கமாகிவிட்டது. ஆண்டு விழாவுக்குப் பாட்டுப் பழக்கும்போது, சுருதி சேராத பிள்ளையைப் பார்த்து, நீ வாயை மட்டும் அசை என்று சொல்லிவிடுவது. அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுதும் தனக்குப் பாட வராது என்றே நம்பிக்கொண்டிருக்கும். இன்று இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களில் எத்தனை பேர் அப்படி நம்புகிறீர்கள் என்று கேட்டால் பாதிக்கு மேல் கை உயரும். உண்மையில் ஆறு ஏழு வயதுப் பிள்ளைகளில் பலர் சுருதி சேராமல் பாடுவதற்கு எளிய காரணங்கள் இருக்கின்றன. ஆண் ஆசிரியர் தம் கீழ்க்குரலில் பாடிக் காட்டுகிறார். அதே உயரத்தில் பாட முயன்று பிள்ளை தொண்டையை அழுத்தி முனகுகிறது. அந்தச் சுரத்தையே ஒரு ஸ்தாயி மேலே ஒரு பெண் குரல் பாடிக் காட்டினால் பிள்ளை சட்டென்று பிடித்துக்கொள்கிறது. அதைவிடவும் எளிதாக, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு பிள்ளையின் குரலைப் பிடித்துக்கொள்கிறது. குழந்தைக்குச் சுருதி சொல்லிக்கொடுக்க மிகப் பொருத்தமான கருவி இன்னொரு குழந்தையின் குரல்தான். தனி வகுப்பில் அது எங்கே கிடைக்கும்?

இங்கே யாரையும் வாயை மட்டும் அசைக்கச் சொல்லமாட்டோம். சுருதிப் பெட்டி பிள்ளைகளுக்கேற்ற உயரத்தில் ஒலிக்கும். முதலில் கேட்பார்கள், பிறகு வாயை மூடிக்கொண்டு முனகுவார்கள், பிறகு பாடுவார்கள். நான்கு மாதத்துக்குக் கருவிகள் கிடையாது. கையும் தொடையும் தரையும்தான் வாத்தியம்.

எதிலிருந்து தொடங்குவது என்பதில் ஒரு சிக்கல் வந்தது. இந்த வகுப்புக்குப் பெயர் கொடுத்திருப்பவர்கள் தமிழ்ப் பிள்ளைகள் மட்டும் அல்லர். மராட்டியம் பேசும் பிள்ளைகள், கும்பார்வாடாவின் குஜராத்திக் குயவர் வீட்டுப் பிள்ளைகள், உத்தரப்பிரதேசத்திலிருந்து வந்த இசுலாமியத் தையல் தொழிலாளர்களின் பிள்ளைகள் என எல்லாரும் இருக்கிறார்கள். கர்நாடக முறைப்படி என்றால் மாயாமாளவகௌளையில் சரளி வரிசை. புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் வரிசை அது. இந்துஸ்தானி முறைப்படி என்றால் பெரும்பாலும் பிலாவல். இரண்டு தரப்புக்கும் ஆதரவாளர்கள் கிளம்பிவிட்டார்கள். மாயாமாளவகௌளையின் சுரங்களும் இந்துஸ்தானியில் பைரவ் என்று வழங்குவதன் சுரங்களும் ஒன்றே என்பதை எடுத்துச் சொன்னபின் சண்டை ஓரளவு தணிந்தது. என்னைக் கேட்டால் இரண்டும் இப்போது வேண்டாம். மூன்று அல்லது நான்கு சுரங்களுக்குள் அடங்கும் தாலாட்டும் விளையாட்டுப் பாட்டும் எல்லா வீடுகளிலும் இருக்கின்றன. ஒவ்வொரு பிள்ளையும் தன் பாட்டியிடமிருந்து ஒன்றைக் கொண்டு வரட்டும். அந்தப் பாட்டுக்குள் இருக்கும் சுரங்களுக்குப் பெயர் சொல்லிக்கொடுப்போம்.

தாளத்தில் இந்தச் சிக்கலே இல்லை. ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம். ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டி வீசி, தட்டி வீசி. இந்துஸ்தானியின் கெஹர்வாவுக்கும் எட்டு மாத்திரை. திருநெல்வேலியிலிருந்து வந்தவரின் பேத்தியும் கோலாப்பூரிலிருந்து வந்தவரின் பேரனும் எட்டு எண்ணுவதில் ஒன்றுபடுகிறார்கள்.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் இடையே ஒன்று. இந்தியில் ‘ஹம்’ என்று ஒரே சொல். தமிழில் ‘நாம்’ என்றும் ‘நாங்கள்’ என்றும் இரண்டு. ‘நாம்’ என்றால் கேட்பவரும் உள்ளே. ‘நாங்கள்’ என்றால் கேட்பவர் வெளியே. இந்த வேறுபாடு தமிழுக்கு மட்டும் உரியது என்று பெருமை கொள்ளவேண்டாம். மராட்டியத்தில் ‘ஆபண்’, ‘ஆம்ஹி’ என்றும், குஜராத்தியில் ‘ஆப்ணே’, ‘அமே’ என்றும் அதே வேறுபாடு உண்டு. நாடெங்கும் பள்ளிகளில் பாடப்படும், கிரிஜா குமார் மாத்தூர் இந்தியில் ஆக்கிய, வெற்றி பெறுவோம் என்னும் கருத்துள்ள அந்தப் புகழ்பெற்ற கூட்டுப் பாடலைத் தமிழாக்க நேர்ந்தால் முதல் சொல்லிலேயே நின்றுவிட வேண்டியிருக்கிறது. பாடுகிறவர்கள் வெல்வார்களா, கேட்கிறவர்களும் சேர்ந்து வெல்வார்களா? நல்வாய்ப்பாக, ‘வெல்வோம்’ என்ற வினைமுற்று இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. ஆனால் வகுப்பில் பாடப்படுவது எப்போதும் ‘நாம்’ ஆகத்தான் இருக்கவேண்டும். மேடையில் பாடப்படுவதோ பெரும்பாலும் ‘நாங்கள்’ ஆகிவிடுகிறது. இது இலக்கணத்தோடு நின்றுவிடுவது அன்று.

இனி இரண்டாவது ஐயத்துக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் கடுமையாகவே பேசப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் இயக்கத்தில் இசைக்கு என்ன இடம்? பொதுக்கூட்டம் மாலை ஆறு மணிக்கு என்று சுவரொட்டி அடிக்கிறோம். ஆறு மணிக்குக் கூட்டம் சேர்ந்திருக்காது. தலைவர்களும் வந்திருக்கமாட்டார்கள். அப்போது கலைக்குழுவை மேடையேற்றுகிறோம். கூட்டம் சேர்ந்ததும், தலைவரின் கார் வந்ததும், பாடிக்கொண்டிருக்கும் தோழரிடம் ஒரு துண்டுச் சீட்டுப் போகிறது. பல்லவியோடு பாட்டு நிற்கிறது. நாற்காலிகளை நிரப்புவதற்கான பண்டமாக இசையை வைத்துக்கொண்டு, மக்கள் பண்பாட்டைப் பற்றி மாநாட்டுத் தீர்மானம் மட்டும் நீளமாக எழுதுகிறோம். இப்போது குழந்தைகள் வகுப்பு ஒன்று அமைந்துவிட்டால், துண்டுச் சீட்டுக்குப் பணியும் இன்னும் சிறிய கலைஞர்கள் கிடைத்துவிட்டார்கள் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. முதல் ஓராண்டுக்கு இப்பிள்ளைகளை எந்தப் பொதுக்கூட்ட மேடைக்கும் அழைப்பதில்லை என்று அரங்கக் குழு முடிவெடுத்திருக்கிறது. அம்முடிவை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன்.

போராட்டப் பாடல் நான்கு போதும் என்கிறவர்களுக்கு ஒரு வரலாறு. நம் கூட்டங்கள் எல்லாம் எழுந்து நின்று பாடி முடியும் சர்வதேச கீதம் எப்படிப் பிறந்தது? சொற்கள் எழேன் பொத்தியே எழுதியவை. 1871இல், பாரிஸ் கம்யூன் இரத்தத்தில் மூழ்கடிக்கப்பட்ட நாட்களில். பதினேழு ஆண்டுகள் அதற்கு இன்று நாம் பாடும் மெட்டு இல்லை. 1888இல் பிரான்சின் லீல் நகரத்தில் அந்த மெட்டை அமைத்தவர் பியேர் தெகெய்தேர். அவர் இசைக் குடும்பத்தில் பிறந்தவர் அல்லர். சிறு வயதிலேயே நூல் ஆலைக்கு வேலைக்குப் போனவர்; பின்னர் மரவேலை செய்தவர். எழுதப் படிக்கக் கற்றது தொழிலாளர்களுக்கான மாலை வகுப்பில். பதினாறு வயதுக்குப் பின் அவ்வூர் இசைப் பள்ளியில் சேர்ந்து பாட்டும் கருவியும் பயின்றார். அங்கே ‘தொழிலாளர் யாழ்’ என்று பொருள்படும் பெயரில் ஒரு தொழிலாளர் பாடகர் குழு இருந்தது. அக்குழுவுக்குப் புதிய பாடல்கள் வேண்டும் என்று நகரின் சோசலிசத் தலைவர் குஸ்தாவ் தெலோரி பொத்தியேவின் கவிதைகளை அவர் கையில் கொடுத்தார். அந்த ஆண்டு ஜூலையில், செய்தித்தாள் விற்போர் சங்க விழாவில், அக்குழு அதை முதன்முதலாகப் பாடியது.

ஒரு மாலை வகுப்பும், ஓர் இசைப் பள்ளியும், வேலை முடிந்து வந்து கூடிப் பாடிய ஒரு குழுவும் இல்லாதிருந்தால் பொத்தியேவின் சொற்கள் புத்தகத்தில் கிடந்திருக்கும். உலகத் தொழிலாளி வர்க்கத்தின் கீதம் தொழிலாளர் இசைக் கல்வியின் விளைச்சல். ஸரிகமபதநி எதற்கு என்று கேட்ட தோழருக்கு என் விடை இதுதான்.

நமக்கு அருகிலேயே வருவோம். இந்தத் தாராவியை ஒட்டிய மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் வாழ்ந்தவர் அண்ணாபாவ் சாத்தே. பள்ளிக்கூடத்தை ஏறத்தாழ மிதித்ததே இல்லை. மாங் என்று ஒதுக்கிவைக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். ஹல்கி முழக்குவதும் மங்கல வாத்தியம் வாசிப்பதும் அச்சாதியின் மேல் சுமத்தப்பட்ட தொழில்கள். அவரும் அமர் ஷேக்கும் கவாண்கரும் 1940களில் அமைத்த செங்கொடிக் கலைக்குழு, ஆலைத் தொழிலாளர் வாழ்ந்த சால்களின் வாசலில் பாடியது. பின்னர் ஐக்கிய மகாராஷ்டிரப் போராட்டத்தில் மராட்டிய மண் முழுதும் பாடியது. 1943 மே மாதம் இதே பம்பாயில்தான் இந்திய மக்கள் நாடக மன்றமான இப்டா பிறந்தது. அந்தேரியில் இயங்கிய அதன் மையக் கலைக்குழுவில் இளைஞர் ரவிசங்கர் இசையமைத்தார். சலீல் சௌத்ரி பின்னாளில் பம்பாயில் இளைஞர் சேர்ந்திசைக் குழுவை அமைத்தார். இவர்களின் பெயர்களை நாம் மேடைகளில் உச்சரிக்கிறோம். இவர்களுக்குப் பின்னால் யார் கற்றார்கள் என்று மட்டும் கேட்பதில்லை. பெருங்கலைஞர்களின் தலைமுறை ஒன்று வந்தது, போனது. அடுத்த தலைமுறைக்கான தொடக்கநிலை வகுப்புகள் நம் பகுதிகளில் இல்லாததால் ஒலிநாடாவும் ஒலிபெருக்கியும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன.

இந்தக் குறையைத் தெளிவாகக் கண்டவர் ஒருவர் உண்டு. அவர் எம். பி. சீனிவாசன். எம்.பி.எஸ். என்றால் இங்குள்ள மூத்த தோழர்களுக்குத் தெரியும். மாணவர் இயக்கத்திலிருந்து பொதுவுடைமை இயக்கத்துக்கு வந்தவர். ‘பாதை தெரியுது பார்’ திரைப்படத்துக்கு இசையமைத்தவர். மலையாளத் திரையுலகம் அவரைக் கொண்டாடியது. அந்தப் புகழோடு அவர் நின்றிருக்கலாம். 1970களின் தொடக்கத்தில் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவைக் கட்டினார். அதில் சேர இசை கற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. அலுவலகத்தில் வேலை பார்ப்பவரும் மாணவரும் வந்து பாடினார்கள். பின்னர் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு பள்ளிகளில் கூட்டுப் பாடலைப் பரப்ப முனைந்தபோது, ஆசிரியர்களுக்கும் பிள்ளைகளுக்கும் பல மொழிப் பாடல்களைச் சொல்லிக்கொடுக்கும் பணியில் ஈடுபட்டார். தமிழ்ப் பிள்ளை அசாமியப் பாட்டையும் பஞ்சாபிப் பிள்ளை மலையாளப் பாட்டையும் பாடவேண்டும் என்பது அத்திட்டத்தின் உயிர். 1988இல் இலட்சத்தீவில் இருந்தபோது மறைந்தார். திரையிசைக்காக அவரை நினைவுகூர்கிறவர்கள் உண்டு. என் மதிப்பீட்டில், பாடத் தெரியாதவர்களைக் கூட்டிப் பாடவைத்ததுதான் அவருடைய பெரும் பணி.

பொது இசைப் பள்ளி என்ற எண்ணம் நம் இயக்கத்துக்கு முன்பே இந்நாட்டில் தோன்றிவிட்டது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். விஷ்ணு திகம்பர் பலுஸ்கர் 1901இல் லாகூரில் காந்தர்வ மகாவித்யாலயத்தைத் தொடங்கினார். 1908இல் பம்பாய்க்கு வந்தார். அரசர்களின் தயவை நம்பாமல், பொதுமக்களின் நன்கொடையில், மாணவர்களை வகுப்பாக அமரவைத்துப் பாடத்திட்டப்படி இசை கற்பித்தார். குருவின் வீட்டில் ஆண்டுக்கணக்காக ஏவல் செய்து காத்திருக்கவேண்டிய நிலையை அது உடைத்தது. அதே வேளையில் இசையை இந்து பக்தி என்னும் ஒற்றைச் சட்டத்துக்குள் அவர் பொருத்தினார். தலைமுறைகளாக இந்துஸ்தானி இசையைக் காத்துவந்த இசுலாமிய உஸ்தாத்களை ஒதுக்கும் போக்கு அதனோடு சேர்ந்தே வளர்ந்தது. உஸ்தாத் அப்துல் கரீம் கான் 1913இல் பூனாவில் தாமே ஓர் இசைப் பள்ளியைத் தொடங்கி எல்லாருக்கும் கற்பித்தார் என்பதை அந்த வரலாற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். பலுஸ்கரின் பம்பாய்க் கட்டிடம் கடனில் கைவிட்டுப் போயிற்று. நன்கொடையை மட்டும் நம்பும் நிறுவனத்துக்கு நேரக்கூடியது அது. எனவே அரசின் பொறுப்பைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலைக் கல்விக்கு ஒரு பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. பகுதிநேரம். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை அதுவும் கிடையாது. காதும் குரலும் பழகவேண்டிய வயது எதுவோ, அந்த வயதுக்குச் சட்டத்தில் பாட்டு ஆசிரியர் இல்லை. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டச் சட்டகத்தை ஒட்டிய ஆவணம் பத்தாம் வகுப்பு வரை கலைக் கல்வி கட்டாயம் ஆகவேண்டும் என்று பரிந்துரைத்தது. 2020ஆம் ஆண்டின் கல்விக் கொள்கையோ கலையோடு இணைந்த கல்வி என்று அழகாக எழுதுகிறது. அதைச் செய்துகாட்ட வேண்டியவர் யார்? ஏற்கெனவே ஐந்து பாடங்களும் கணக்கெடுப்பு வேலையும் தேர்தல் வேலையும் சுமக்கும் அதே ஆசிரியர். இந்த வகுப்பை நாம் நடத்துவதால் மாநகராட்சிப் பள்ளிகளில் இசை ஆசிரியர் வேண்டும் என்ற கோரிக்கை தேவையற்றது ஆகிவிடாது. அதை எழுப்புவதற்கு இப்பிள்ளைகளின் பெற்றோரே முன்னணியில் நிற்பார்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

கருவிகளைப் பற்றி ஒரு சொல். நான்கு மாதத்துக்குப் பின் ஒரு கை ஆர்மோனியமும் இரண்டு டோலக்கும் வேண்டும். ஆர்மோனியம் தெருக்கூத்துக்காரர்களின் பெட்டி என்று முகம் சுளிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கி வைத்தது. அந்தத் தடை தளர 1971 ஆயிற்று. அந்த ஆண்டுகள் முழுவதும் ஜல்சாவிலும் தமாஷாவிலும் கவ்வாலியிலும் பஜனை மடத்திலும் அது ஒலித்துக்கொண்டே இருந்தது. டோலக்கின் கதை இந்த மண்ணோடு இன்னும் நெருங்கியது. தாராவியின் தோல் பதனிடும் தொழிலைக் கட்டியவர்களில் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த தமிழ் இசுலாமியரும் அவர்களிடம் உழைத்த ஆதிதிராவிடத் தொழிலாளரும் உண்டு. தோலைத் தொட்டால் தீட்டு, தோலில் எழும் நாதம் தெய்விகம் என்று சொல்லிவந்த சமூகம் இது. மிருதங்கம் செய்யும் தலித் கிறித்தவக் குடும்பங்களைப் பற்றி டி. எம். கிருஷ்ணா எழுதிய நூலை 2020இல் வெளியிட இருந்தபோது, சென்னையில் கொடுத்திருந்த கூடத்துக்கான அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. நம் பிள்ளைகள் டோலக்கை வாசிப்பதற்கு முன் அதற்குத் தோல் கட்டுவதை ஒரு நாள் பார்க்கவேண்டும். கட்டுபவரையே வகுப்புக்கு அழைத்திருக்கிறோம். அன்று அவர்தான் ஆசிரியர்.

கூடம் என்று சொன்னேன். இந்த அரங்கைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். மறுமேம்பாட்டுத் திட்டத்தின் கணக்கெடுப்பில் வீடு எண்ணப்படுகிறது, கடை எண்ணப்படுகிறது. 2000 ஜனவரி 1க்கு முன் தரைத்தளத்தில் குடியிருந்தவருக்கு இங்கேயே 350 சதுர அடி என்கிறார்கள். மற்றவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்விக்காக நாம் போராடிக்கொண்டிருக்கிறோம். அந்தக் கேள்வியோடு இன்னொன்றையும் சேர்க்கச் சொல்கிறேன். தகரக் கூரையும் சிமெண்டுத் தரையும் உள்ள இந்தக் கூடம் எந்தக் கணக்கில் வரும்? இது யாருடைய வீடும் அன்று, கடையும் அன்று. மாடிக் குடியிருப்புகளில் முப்பது பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்து பாட எந்தத் தளத்தில் இடம் ஒதுக்குவார்கள்? கோரிக்கை மனுவில் குடிநீர், கழிப்பறை, தொழிற்கூடம் என்ற வரிசையில் பொது அரங்கும் எழுதப்படவேண்டும். அது எழுதப்படும் வரையில் இங்கே ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வகுப்பு நடப்பதுதான் இந்த இடத்துக்கு நம் கையிலுள்ள பட்டா.

பெற்றோர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். கட்டணம் இல்லை. ஆனால் ஆசிரியைக்கு ஊதியம் உண்டு. அவர் தொண்டு செய்ய வரவில்லை, வேலை செய்ய வருகிறார். அந்த ஊதியத்துக்காக மாதந்தோறும் உண்டியல் ஏந்தி வருவோம். கதவைத் திறந்து வையுங்கள். சான்றிதழ் கிடையாது, போட்டி கிடையாது. தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிக்குத் தயார்செய்யுங்கள் என்று கேட்காதீர்கள். வீட்டில் பிள்ளை பாடும்போது வந்த விருந்தினர் முன்னால் நிறுத்திப் பாடச் சொல்லாதீர்கள், சேர்ந்து பாடுங்கள். மாதத்தின் கடைசி ஞாயிறு பெற்றோரும் வகுப்பில் உட்காரவேண்டும். வாயை மட்டும் அசைக்கச் சொல்லப்பட்டவர்கள் முன்வரிசையில்.

வகுப்பு காலை பத்து மணிக்கு என்று அறிவித்திருந்தோம். மணி பத்தேகால். பிள்ளைகள் சுவரோரமாக உட்கார்ந்து நான் எப்போது முடிப்பேன் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். துண்டுச் சீட்டு அனுப்பும் பழக்கம் அவர்களுக்கு இல்லை. பாயை விரிக்க இரண்டு பேர் வாருங்கள்.